பதினெட்டாவது சீற்

மல்லாவிச் சந்தையடியில் வேன் வந்து நின்றபோது
பதினேழு பேர் காசு தந்திருந்தார்கள்.
ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு,
டிக்கெற், டீசல், இரவுக் கொத்து எல்லாம் சேர்த்து.
பதினெட்டாவது சீற் கெவின்ராசுக்கு.
அவனுக்கு விடியப்புறம் காய்ச்சல்.

மீன் விற்றுக்கொண்டிருந்த ஞானசீலி அக்கா
தராசைக் கவிழ்த்து வைத்துவிட்டு
"அந்த இடத்துக்கு நான் வரட்டோ?" என்றா.
பகிடியென்று சிரித்தோம்.
கையைக் கழுவிக்கொண்டு ஏறிவிட்டா.
தம்புள்ள மட்டும் வேனுக்குள்
வவுனிக்குளத்து ஜப்பான் மீன் மணம்.

முறிகண்டியான் வடக்கே, நாங்கள் தெற்கே.
மாங்குளம் சந்தியில் திரும்பும்போது
பின்கண்ணாடிக்கால் ஒரு கும்பிடு.
அவர் குறை நினைக்கமாட்டார்.
கிரிக்கெட் பார்க்கிறாரோ தெரியாது.

கனகராயன்குளத்தில் பாலைப்பழம்.
சொண்டில் பால் ஒட்டினதால்
வாதம் கொஞ்சம் ஓய்ந்தது.
யாழ்ப்பாணத்தின் பேர் போட்ட அணிக்கு
வன்னியான் ஏன் கத்தவேணும்?
"அங்க போனால் எங்களைக் காடெண்டுறாங்கள்"
என்றான் துவாரகன்.
"அந்த அணியில யாழ்ப்பாணத்தான் ஒருத்தன்தானடா.
அவனும் தண்ணிப் போத்தலோட ஓடுறவன்.
அவனுக்காகக் கத்துவம்"
என்றான் சஞ்சிகன்.

ஓமந்தை.
மறிக்க அங்கே இப்போது ஒன்றுமில்லை.
ஆனாலும் வேன் மெதுவாகியது,
றெஜியின் கால் அப்படிப் பழகியது.
ஞானசீலி அக்கா பேர்சைத் திறந்து
அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்து மூடினா.
வவுனியா தாண்டித்தான்
பாட்டுச் சத்தத்தைக் கூட்டினோம்.

புல்மேட்டில் இடம்.
விளையாட்டைச் சொல்ல எனக்குத் தெரியாது,
நான் கணக்குக் கொப்பிக்காரன்.
பதினாலாம் ஓவர், நாலாம் பந்து.
வெள்ளையாய் ஒன்று மேலே போய்
விளக்குக்குள் காணாமல் போய்
எங்கள் தலைக்கு நேரே இறங்கியது.
காசு தந்த பதினேழு பேரும் குனிந்தோம்.
அக்கா எழும்பினா.
ஒற்றைக் கை.
துள்ளி விழுகிற மீனை
நிலத்தில் படமுதல் பிடிக்கிற அதே கை.

சஞ்சிகனின் தமையன் கனடாவிலிருந்து
வீடியோக் கோலில் கத்தினான்:
"இஞ்ச பேஸ்போலில பிடிச்சவைக்கே பந்து!
வீட்ட கொண்டுபோகலாம்!
குடுக்காதேங்கோ அக்கா, குடுக்காதேங்கோ!"

காவலர் வந்து கைநீட்டினார்.
"அக்கே, போலே தென்ன."
அக்காவுக்குச் சிங்களம் விளங்கும்.
விளங்காத மாதிரி நின்றா.
பந்து வீசுகிறவன் இடுப்பில் கைவைத்து நின்றான்,
நடுவர் எங்கள் பக்கம் பார்த்தார்,
அத்தனை சனமும் காத்திருந்தது
மல்லாவி மீன்காரியின் கைக்காக.
அவ அவசரப்படவில்லை.
உள்ளங்கையில் ஏற்றி இறக்கி
நிறுத்துப் பார்த்தா.
"நூற்றறுபது கிராம்" என்றா.
பிறகு எறிந்தா.

நாலு ஓட்டத்தால் தோற்றோம்.
தோற்றது யாழ்ப்பாணம் என்றான் துவாரகன்,
ஆனால் தொண்டை அடைத்திருந்தது அவனுக்குத்தான்.
வவுனியாவில் கொத்துச் சாப்பிட நின்றபோது
அக்காவின் வலக்கை அதைத்திருந்தது.
உள்ளங்கையில் பந்தின் தையல் அப்படியே.
இடக்கையால் கரண்டி பிடித்துச்
சிந்திச் சிந்திச் சாப்பிட்டா.
மற்றவர்கள் மாறி மாறிப் படம் எடுத்தார்கள்,
முகத்தை அல்ல.

மல்லாவி ரோட்டில் விடிந்தது.
பாதித் தெருவில் நெல், மேலே படங்கு,
ஓரத்தில் கல்லு வரிசை.
றெஜி ஒரு மணியும் நசியாமல் ஊர்ந்தான்.
சந்தையடியில் மீன் பெட்டிகள் வந்திருந்தன.
அக்கா இறங்கித் தராசை நிமிர்த்தினா.
கொப்பியில் எழுதினேன்:
பதினெட்டு, ஞானசீலி, நாலாயிரத்து ஐந்நூறு, பாக்கி.

ஒன்பது மணிபோல
போர்வையோடு வந்தான் கெவின்ராஸ்.
அதற்குள் எல்லாம் கேள்விப்பட்டிருந்தான்.
"என்ர சீற்றல்லோ அக்கா.
நான் இருந்திருந்தால் நான் பிடிச்சிருப்பன்."

அவ தராசின் முள்ளைப் பார்த்தபடியே
இன்னொரு மீனைப் போட்டா.
"குனிஞ்சிருப்பாய்" என்றா.